பிரெட்டுக்கு முட்டை, கேக்குக்குத் தையல்: எது வரை கொடுப்பது?

41 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கடந்த ஆண்டு அவர் கணவரின் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், சம்பளமும் குறைந்தது. வெளியே வாங்குவதை ஒவ்வொன்றாக நிறுத்திய நாட்களில், இரண்டு பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பிரெட் சுடக் கற்றுக்கொண்டார். கை பழகியதும் அக்கம்பக்கத்துக்கும் ஒன்றிரண்டு போனது. கோழி வளர்க்கும் வீட்டிலிருந்து பதிலுக்கு முட்டை வந்தது. தோட்டம் வைத்திருப்பவர் காய் கொடுத்தார். தையல் தெரிந்தவர் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுத்தார். தனியாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு மட்டும் எதையும் எதிர்பார்க்காமல் வாரம் ஒரு பிரெட்.

இப்போது அந்த ஏற்பாடு கசக்க ஆரம்பித்திருக்கிறது. தையல் தெரிந்தவர் முதல் நாள் இரவு சொல்லி மறுநாள் பிறந்தநாள் கேக் கேட்கிறார். பதிலுக்கு, தானே எண்ணெயில் ஊறவைத்த பூண்டு, காய்கறி பாட்டில்களைத் தருகிறார். சாப்பிடப் பயம், தூக்கிப் போடவும் மனசில்லை, அலமாரியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. முட்டை கொடுத்தவர் இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், கோதுமை ஒத்துக்கொள்ளாத தங்கள் குழந்தைக்குக் கோதுமை இல்லாத கேக் கேட்டிருக்கிறது, இவரும் சரி என்று சொல்லிவிட்டார். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை, யாருக்கும் காட்டாமல் ஒரு நோட்டில் எழுதி வருகிறார். கணவரோ, "ஊருக்கெல்லாம் சும்மா சுட்டுப் போடாதே, காசுக்கு விற்று விடு" என்கிறார். "மாவுச் செலவு மட்டும்தானே, என் நேரம் சும்மாதானே கிடக்கிறது? நான் இதை நிறுத்திவிட வேண்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடக்கும் விதத்தில் தொடரவும் வேண்டாம். நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குழந்தைக்குக் கேக் செய்யாதீர்கள்

நல்ல மனதோடுதான் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். அரிசி மாவிலோ சோள மாவிலோ செய்துவிட்டால் கோதுமை இல்லாத கேக் ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் சமையலறையில் அது நடக்காது. வாரத்துக்கு ஐந்து நாள் கோதுமை மாவு சலித்துப் பிசையும் இடம் அது. சலிக்கும்போது பறக்கும் தூள் காற்றில் நீண்ட நேரம் மிதந்து, அப்புறம்தான் மேடையிலும் கிண்ணத்திலும் படியும். மரக்கரண்டி, சல்லடை, கேக் அச்சின் மடிப்பு, பேக்கிங் பவுடர் டப்பாவில் விட்ட ஈரக் கரண்டி, எல்லாவற்றிலும் கோதுமை இருக்கும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் கணக்கு. குளூட்டன் இல்லாதது என்று ஒரு உணவைச் சொல்ல, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் குளூட்டன். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரு கிலோ கேக்கில் கால் கிராம் மாவு கலந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். கால் கிராம் என்பது விரல் நுனியில் ஒட்டும் அளவு. அந்தக் குழந்தைக்கு இருப்பது சீலியாக் நோயா, கோதுமை அலர்ஜியா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சீலியாக் என்றால் குளூட்டன் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் சிறுகுடல் சுவர் சேதமாகும், வெளியே எதுவும் தெரியாமலும் போகலாம். கடுமையான அலர்ஜி என்றால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறல் வரை போகும். இரண்டுக்கும் உங்கள் அடுப்படி ஏற்ற இடம் இல்லை.

இன்றைக்கே அந்த அம்மாவிடம் போய், "எங்க வீட்ல தினமும் கோதுமை மாவு பறக்குது, எவ்வளவு துடைச்சாலும் கலந்துடும். உங்க வீட்டுக் கிச்சன்ல, உங்க பாத்திரத்துல, புதுசா பிரிச்ச பொருளை வச்சு செய்யறதா இருந்தா நான் வந்து கூட நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் உடையில்கூட மாவு ஒட்டியிருக்கும், மாற்றிக்கொண்டு போங்கள். கொடுத்த வாக்கை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கூச்சம் இதில் வேண்டாம். ஒத்துக்கொள்ளாத குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு, "முடியாது" என்று காரணத்தோடு சொல்பவர்மேல் நம்பிக்கைதான் வரும்.

உங்கள் நேரம் சும்மா கிடக்கவில்லை

"மாவுச் செலவு மட்டும்தானே" என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். மற்ற மனத்தாங்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். அதனால் இதை விரிவாகவே பார்ப்போம்.

சாதாரண பிரெட் ஒன்றுக்கு 500 கிராம் மாவு, 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். பொருள் செலவு குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓவன்? வீட்டு மின் ஓவன் 2 கிலோவாட் அளவில் மின்சாரம் இழுக்கும். முன்கூட்டிச் சூடாக்குவதையும் சேர்த்தால் ஒரு தடவை பிரெட் சுட ஏறத்தாழ 1 முதல் 1.5 யூனிட் போகும். உள்ளே ஒரு பிரெட் இருந்தாலும் மூன்று இருந்தாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்டவர் கேட்ட நாளில் ஒன்று இரண்டாகச் சுட்டு, வாரத்துக்கு ஐந்து தடவை ஓவனைச் சூடாக்குகிறீர்கள். அதையே இரண்டு நாளில், தடவைக்கு நான்கு பிரெட் என்று வைத்தால் மூன்று தடவை சூடாக்கும் மின்சாரம் மிச்சம். பொருளைக் குறைத்துச் சேமிப்பதைவிட இதில் அதிகம் சேமிக்கலாம்.

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்களா? வேண்டாம். பிரெட் இறுகுவது காய்வதால் மட்டும் இல்லை. வெந்த மாவுச்சத்து ஆறிய பிறகு மறுபடி கட்டிப்படுவதுதான் முக்கியக் காரணம், ஃப்ரிட்ஜ் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது வேண்டிய துண்டை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், பழைய மென்மை பெரும்பாலும் திரும்பி வரும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சுடுவது சாத்தியமாவதே இதனால்தான்.

கேக்கின் கணக்கு வேறு. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் சம எடை போடும் கேக்கில், ஒரு கிலோவுக்கு வெண்ணெய் மட்டும் கால் கிலோ, முட்டை ஐந்து. அலங்காரமும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அந்த ஐந்து முட்டை எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? கோழி வீட்டுக்காரர் உங்கள் பிள்ளைகளுக்கென்று கொடுத்த முட்டை, தையல்காரர் வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறது. உங்கள் நோட்டில் பிரெட்டும் "1", கேக்கும் "1". அங்கேதான் கணக்கு உங்களை ஏமாற்றுகிறது.

நேரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிரெட் ஊறி உப்பும் மூன்று நான்கு மணி நேரமும் வேலை செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. கை படும் நேரம் அரை மணிதான் இருக்கும். ஆனால் அந்த மூன்று நான்கு மணி நேரம் நீங்கள் வீட்டை விட்டு நகர முடியாது. கணவர் வருமானம் குறைந்திருக்கும் வீட்டில் உங்கள் நேரத்துக்கு வேறு பயன் நிச்சயம் இருக்கிறது. அதை நீங்களே சும்மா என்று சொன்னால், கேட்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். தையல்காரர் இரவில் வந்து கேக் கேட்பதில் அவருடைய தவறு இருக்கிறது. ஆனால் ஒரு தடவைகூட நீங்கள் "முடியாது" என்று சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

நோட்டில் எழுதியதை யாரும் படித்ததில்லை

நோட்டு வைத்திருப்பதில் தப்பில்லை. ஒளித்து வைத்திருப்பதுதான் பிரச்சினை. எழுதியது உங்களுக்கு மட்டும் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. ஆனால் மனதுக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது, நாலு நாள் கழித்து முகத்திலும் தெரிகிறது.

நீங்கள் கடிதத்தில் எடுத்து எழுதியிருந்த பக்கத்தையே பார்ப்போம். தையல்காரர் பெயருக்குக் கீழே உங்கள் பக்கம் "பிரெட் 9, கேக் 3, பன் 12". அவர் பக்கம் "யூனிபார்ம் 2, பாட்டில் 5". பார்த்தவுடன் அநியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அளவெடுத்து, வெட்டி, காலர் வைத்து, கை பொருத்தி, காஜா எடுத்து, பொத்தான் தைத்து ஒரு யூனிபார்ம் முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கை வேகமானவருக்கே அரை நாள் பிடிக்கும். அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தால் அதில் நீங்கள் கடன்பட்டவராக இருக்கலாம். யார் சரி என்று நான் சொல்ல முடியாது. இரண்டு பேரும் பேசாமல் சொல்லவும் முடியாது.

முட்டை கொடுப்பவர் விஷயத்தில் உங்கள் வருத்தம் தவறான இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோழிகள் இறகு உதிர்க்கும் பருவத்தில் முட்டையிடுவது நின்றுபோகும். மறுபடி தொடங்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பகல் வெளிச்சம் குறையும் காலத்திலும் முட்டை குறையும். கொடுக்க முட்டை இல்லாமல் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். நீங்களே ஒரு பிரெட் எடுத்துக்கொண்டு போய், "முட்டை வரும்போது வரட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பண்டமாற்று தடுமாறுவதே இந்த மாதிரி இடத்தில்தான். இவரிடம் பொருள் இருக்கும்போது அவருக்குத் தேவை இருக்காது, தேவை வரும்போது பொருள் இருக்காது.

உங்களுக்கு முன்பே பலர் இதில் முட்டி மோதி வழி கண்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973-ல், பணத்துக்குப் பதில் நேரத்தையே கணக்கு வைத்து பெண்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பைத் தொடங்கினார். கனடாவில் மைக்கேல் லிண்டன் என்பவர் 1983-ல் தொடங்கிய லெட்ஸ் முறையில், வாங்கியவர் கணக்கில் கழித்தலும் கொடுத்தவர் கணக்கில் கூட்டலும் எழுதுவார்கள். யார் எவ்வளவு மைனஸ் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும், வட்டி கிடையாது, யாரிடம் வாங்கினாரோ அவருக்கே திருப்பித் தர வேண்டும் என்பதும் கிடையாது. நான்கு வீட்டுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கு எல்லோர் கண்ணிலும் படுகிறதே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம் என்றால், சுடும் இரண்டு நாளையும் மொத்த எண்ணிக்கையையும் முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு வேண்டியது போக மிச்சம்தான் வெளியே. பிறகு ஒவ்வொருவரிடமும், "புதன், சனி ரெண்டு நாள்தான் இனிமே சுடறேன். உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். தையல்காரரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும்: "கேக்குன்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும், வெண்ணெயும் முட்டையும் நீங்க கொண்டு வந்துடுங்க. என் வேலைக்குப் பதிலா பையனுக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுங்க." இதைக் கேட்டு அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பழகும்வரை ஒன்றிரண்டு வாரம் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரின் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். அது கொடை. கொடையையும் மாற்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும்.

அந்த பாட்டில்களைத் தூக்கிப் போடுங்கள்

உங்கள் பயம் நியாயமானது. பூண்டு போன்ற புளிப்பில்லாத காய்கள் எண்ணெயில் மூழ்கி, காற்றுப் படாமல், அறை வெப்பத்தில் இருந்தால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி அதில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கலாம். வாசனை, நிறம், ருசி எதுவும் மாறாமலே இருக்கலாம். அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது, அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அல்லது பி.எச். என்ற புளிப்பு அளவு 4.6-க்குக் கீழே வரும்படி (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) புளிப்பு இருக்க வேண்டும். வீட்டில் இதை அளந்து பார்த்துச் செய்பவர்கள் குறைவு. பிறகு சாப்பிடலாம் என்று வைத்திருக்க வேண்டாம், வேறு யாருக்கும் கை மாற்றவும் வேண்டாம். திறக்காமலே இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தையல்காரரிடமும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் வீட்டிலும் அதே பாட்டில்தானே இருக்கிறது!

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "கடை பிரெட்டில் கெமிக்கல், என்னுடையது சுத்தம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடை பிரெட்டில் சேர்ப்பது பெரும்பாலும் பூஞ்சை வராமல் தடுக்கும் கால்சியம் புரோபியனேட். அது இல்லாததால் உங்கள் பிரெட் சீக்கிரம் கெடும், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடிக்கலாம். பூஞ்சை தெரியும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது, மெல்லிய இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பிய்க்கும்போது உள்பக்கம் பசைபோல நூல் இழுத்து, அழுகிய பழ வாசனை அடித்தால் அது வேறொரு பாக்டீரியா, அதன் வித்துகள் சுடும் சூட்டையும் தாங்கும். அந்த பிரெட்டை முழுதாகப் போட்டுவிட்டு, பலகை, கத்தி, மேடை எல்லாவற்றையும் கழுவுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு பிரெட்டோடும் ஒரு துண்டுச் சீட்டில் சுட்ட தேதியையும், பால், முட்டை, எள், வேர்க்கடலை சேர்ந்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

விற்கலாமா?

கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் வாங்காதவரை எந்தச் சட்டமும் உங்களைத் தொடாது என்று இரண்டு பேருமே நினைப்பது சரியில்லை. நீங்கள் கொடுத்த உணவால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால், காசு வாங்கவில்லை என்பது மட்டும் பதிலாகாது. வரியைப் பொறுத்தவரை, தொழில்போல் தொடர்ந்து நடக்கும் பண்டமாற்றில் வந்த பொருளின் சந்தை மதிப்பை வருமானமாகவே எடுத்துக்கொள்ளும் நாடுகள் பல உண்டு. எப்போதாவது நடக்கும் அக்கம்பக்கத்துக் கொடுக்கல் வாங்கல் அந்த ரகத்தில் வராது. ஆனால் நாள் குறித்து, அளவு குறித்து, பலருக்கு என்று வளர்ந்தால் எல்லை மங்கிவிடும்.

விற்பதாக முடிவெடுத்தால், உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: வீட்டுச் சமையலறைக்குப் பதிவோ அனுமதியோ வேண்டுமா, எந்தப் பண்டங்களுக்கு அனுமதி, லேபிளில் என்னென்ன எழுத வேண்டும். பிரெட், பிஸ்கட், கிரீம் இல்லாத கேக் போன்றவற்றுக்கு விதிகள் எளிதாகவும், கிரீம், கஸ்டர்டு சேர்ந்தவற்றுக்குக் கடுமையாகவும் இருப்பது பல இடங்களில் வழக்கம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் காப்பீடு தொழிலால் வரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது, அதையும் கேட்டுவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், இப்போதே விற்க இறங்க வேண்டாம் என்பேன். முதலில் இரண்டு நாள் முறையை இரண்டு மாதம் நடத்துங்கள். மாவு, வெண்ணெய், மின்சாரம், கை வேலை நேரம் எல்லாவற்றையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள், இந்தத் தடவை கணவரும் பார்க்கும்படி மேசையில் திறந்து வையுங்கள். பதிலுக்கு வந்த காயும் தையலும் வெளியே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எதிர்ப் பக்கத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள். "சும்மா" என்று அவர் சொல்வது சரியா என்று அவருக்கே தெரிந்துவிடும். மாறாகக் கணக்கு உங்களுக்கு எதிராக இருந்தால், அதையும் அதே மேசையில் இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதைப் பாதியாகக் குறைப்பதா, விற்கப் பதிவு செய்வதா என்று அப்போது முடிவெடுங்கள். அந்த இரண்டு மாதக் கணக்கோடு மறுபடி எழுதினால், விலை வைப்பது பற்றியும் சொல்கிறேன்.